இருபத்தொரு நாள் கணக்கு: கீமோதெரபிக் காலத்தில் துணையாய் இருப்போருக்கு

பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு சாய்வு நாற்காலிக்கும் அருகே ஒரு சிறிய நாற்காலி போடப்பட்டிருக்கும். சாய்வு நாற்காலியில் இருப்பவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். சிறிய நாற்காலியில் இருப்பவர் மருத்துவக் கோப்பு, தண்ணீர் பாட்டில், கைப்பை ஆகியவற்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பெரும்பாலும் அவர் நோயாளியின் கணவராகவோ மனைவியாகவோ இருப்பார். நோயாளிக்கு வேண்டிய அறிவுரைகளை மருத்துவர்களும் செவிலியர்களுமாகிய நாங்கள் ஒவ்வொரு முறையும் கூறுகிறோம். இம்முறை அந்தச் சிறிய நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்காக எழுதுகிறோம்.

அவர்கள் எங்களிடம் கேட்பவற்றுள் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. “நேற்று நன்றாக இருந்தார். இன்று எழுந்து உட்காரவே முடியவில்லை. நோய் முற்றிவிட்டதா?” பெரும்பாலான வேளைகளில் அவ்வாறு இல்லை. கீமோதெரபியின் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ ஓர் ஒழுங்கில் வருபவை. அந்த ஒழுங்கை அறிந்த துணைவர் ஒவ்வோர் இறக்கத்தையும் கண்டு கலங்கமாட்டார். உண்மையிலேயே அஞ்ச வேண்டிய இறக்கம் வரும்போது அதைத் தவறவிடவும் மாட்டார். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

புற்றுநோய்ச் செல்கள் விரைந்து பெருகுபவை. கீமோதெரபி மருந்துகளில் பல, விரைந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. ஆனால் உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் நல்ல செல்களும் உள்ளன. வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், மயிர்க்கால்கள், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் அவை இருக்கின்றன. மருந்து அவற்றையும் தாக்குவதால்தான் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் முடி உதிர்தலும் இரத்த அணுக் குறைவும் உண்டாகின்றன.

நல்ல செல்கள் மீண்டெழ அவகாசம் தருவதற்காகவே ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே நாட்கள் விடப்படுகின்றன. பல சிகிச்சை முறைகளில் இந்தச் சுழற்சி 21 நாட்கள். வாரந்தோறும், இரு வாரங்களுக்கு ஒருமுறை, 28 நாட்களுக்கு ஒருமுறை எனவும் சிகிச்சைகள் உண்டு. உங்கள் வீட்டில் நடப்பது எது என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மருந்து ஏறிய நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். அன்றன்றைய உறக்கம், உணவு, மலம், வெப்பநிலை, மனநிலை ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் குறித்தால் போதும். இரண்டு தவணைகள் முடிவதற்குள் உங்கள் துணைவரின் உடலுக்கே உரிய நாட்காட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும். இங்கே 21 நாள் சுழற்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறோம்.

முதல் வாரம்: மருந்தின் நாட்கள்

கீமோதெரபி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஓயாத வாந்தியையே நினைவுகூர்கிறார்கள். ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் 1990-களில் புழக்கத்துக்கு வந்த பிறகு அந்த நிலை பெரிதும் மாறியது. எனினும் இம்மாத்திரைகள் குமட்டல் தொடங்கும் முன்பே உள்ளே சென்றால்தான் நன்கு பயன்தரும். “வாந்தி வரவில்லையே, எதற்கு மாத்திரை?” என்று முதல் இரண்டு நாட்களில் நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. மருத்துவர் குறித்த நாள்வரை, குறித்த நேரத்தில் கொடுப்பது துணைவரின் பொறுப்பு. அதே மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதால் நோட்டில் மலத்தைக் குறிக்கவும் கூச்சப்பட வேண்டாம்.

வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பலருக்குத் தரப்படுகிறது. அது உடலுக்கு ஒருவிதப் பரபரப்பைத் தரும், உறக்கத்தைக் கெடுக்கும், சிறு சொல்லுக்கும் எரிச்சல் மூட்டும். முதல் மூன்று நாட்கள் சுறுசுறுப்பாக இருந்தவர், அம்மருந்து நின்ற பிறகு நான்காம் ஐந்தாம் நாளில் துவண்டு படுத்துவிடலாம். காரணமின்றிக் கண்ணீர் வரலாம். முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி ஒரு தம்ளர் காபிக்காகச் சீறிவிழும்போது கணவரின் மனம் புண்படுவது இயல்பே. அன்று நோட்டைப் புரட்டி அது எத்தனையாவது நாள் என்று பாருங்கள். அந்தக் கோபத்தில் மருந்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் மறுமொழி மென்மையாக வரும். உறக்கமின்மை கடுமையாக இருந்தால் எங்களிடம் கூறுங்கள். மாத்திரையைக் காலையிலேயே கொடுக்க இயலுமா என்று மருத்துவர் பார்ப்பார்.

உணவைப் பொறுத்தவரை இந்த வாரத்தில் அளவைவிட வேளையே முக்கியம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, ஓர் இட்லி, அரைக் கிண்ணம் குழைந்த ரசம் சாதம், கஞ்சி, மோர் எனச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாளிக்கும் வாசனை குமட்டலைத் தூண்டினால் நோயாளி இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சமையுங்கள். வாயில் உலோகச் சுவை தெரிவதாகச் சொன்னால் எவர்சில்வர் கரண்டியைத் தவிர்த்துப் பாருங்கள். வாய்ப்புண் வருவதற்கு முன்பிருந்தே, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து நாளுக்கு நான்கைந்து முறை வாய் கொப்பளிப்பது நல்லது. ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மருந்து பெறுபவர்களுக்கு மட்டும் சில நாட்கள் குளிர்ந்த நீரும் ஐஸ்கிரீமும் ஆகா; குளிர்ச்சி பட்டால் தொண்டையும் விரல்களும் மரத்துப்போகும்.

மருந்து ஏறிய பின் ஏறத்தாழ 48 மணிநேரம் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணியுங்கள். கழிப்பறையை மூடியிட்டு இருமுறை நீர் பாய்ச்சுங்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தட்டையும் தம்ளரையும் படுக்கையையும் தனியே பிரித்துவைக்கும் வீடுகள் உண்டு. புற்றுநோய் தொற்றுநோய் அன்று. அருகில் அமர்வதாலும் கையைப் பிடிப்பதாலும் அணைத்துக்கொள்வதாலும் எவருக்கும் எத்தீங்கும் வராது. தாம்பத்திய உறவைக் குறித்த ஐயங்களையும் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இரண்டாம் வாரம்: ஏமாற்றும் அமைதி

ஏழாம் நாளுக்குப் பின் குமட்டல் குறையும். பசி திரும்பும். முகம் தெளியும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் பல சிகிச்சைகளில் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையேதான் வெள்ளை அணுக்கள், அவற்றுள்ளும் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில்கள், மிகக் குறைந்த அளவை எட்டுகின்றன. நோயாளி நலமாகத் தோன்றும் நாட்களே கிருமித் தாக்குதலுக்கு அவர் மிக எளிதில் ஆட்படும் நாட்களாகவும் இருக்கின்றன. துணைவரின் விழிப்பு மிகவும் தேவைப்படும் வாரம் இது.

ஒரே ஓர் எண்ணை மனத்தில் நிறுத்துங்கள்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இந்த அளவையோ அதற்கு மேலோ காட்டினால், மணி எத்தனையாயினும், உடனே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துப் புறப்படுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த உடலில் ஒரு சாதாரணக் கிருமியும் சில மணிநேரத்தில் இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். தக்க ஆன்டிபயாடிக் மருந்தை விரைந்து ஏற்றினால் அதே நிலையிலிருந்து பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர். இடையில் கழியும் ஒவ்வொரு மணிநேரமும் முக்கியம்.

இங்கே எங்கள் மனத்தை உறுத்துவது நள்ளிரவுத் தயக்கம். “விடியட்டும், பார்க்கலாம்”, “இந்த நேரத்தில் டாக்டரைத் தொந்தரவு செய்வானேன்” என்று எண்ணி, ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருப்பவர்கள் உள்ளனர். அம்மாத்திரை வெப்பத்தை மறைக்கும், கிருமியை ஒழிக்காது. எங்களிடம் பேசுவதற்கு முன் அதைக் கொடுக்க வேண்டாம். பல நேரங்களில், “எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் தூங்குங்கள்” என்று சொல்லித் தடுப்பவர் நோயாளியே. உறக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்ற அன்பினால் சொல்லப்படும் அந்தச் சொல்லை, வெப்பமானி வேறு கூறும்போது, கேட்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தயக்கத்துக்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஊரெங்கும் டெங்குவும் வைரஸ் காய்ச்சலும் இருப்பதால், “எல்லார் வீட்டிலும் இருக்கிற காய்ச்சல்தான்” என்று எண்ணிவிடுகிறார்கள். கீமோதெரபி பெறுபவருக்கு எந்தக் காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் அன்று. வெப்பம் ஏறாமலேயே குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், நிற்காத வயிற்றுப்போக்கு, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது கண்டாலும் அதே விரைவு வேண்டும்.

ஆகவே ஒரு பையை ஆயத்தமாக வையுங்கள். சிகிச்சைக் கோப்பு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல், காப்பீட்டு அட்டை, ஒரு மாற்றுடை ஆகியவை அதில் இருக்கட்டும். எந்த அவசரப் பிரிவுக்குச் சென்றாலும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இது: “கீமோதெரபி நடக்கிறது, இன்று பத்தாவது நாள், காய்ச்சல் 101.” அதைக் கேட்ட மருத்துவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை உடனே அறிவார். மழைக்காலத்தில் இரண்டு வழிகளை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கனமழையில் தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதையில் நீர் தேங்குவதையும், 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரமே முடங்கியதையும் நாம் பார்த்திருக்கிறோம். பெருமழை எச்சரிக்கை வரும் நாள் உங்கள் நோட்டில் எட்டாம் நாளாகவோ பத்தாம் நாளாகவோ இருந்தால், முன்னதாகவே எங்களை அழைத்து ஆலோசியுங்கள். 108 ஆம்புலன்ஸ் எண்ணை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

இவ்வாரத்தில் வாசற்காவலும் துணைவருடையதே. பார்க்க வரும் உறவினரிடம் “இன்று வேண்டாம்” என்று சொல்ல நோயாளியால் இயலாது. சளி இருமல் உள்ளவர்களையும் பள்ளியிலிருந்து நேராக வரும் குழந்தைகளையும் அன்போடு தள்ளிவைப்பது நீங்களாக இருங்கள். ரங்கநாதன் தெருவின் தீபாவளி நெரிசலும், பங்குனியில் மயிலையின் அறுபத்துமூவர் விழாக் கூட்டமும் இந்த வாரத்துக்கு உரியவை அல்ல. கோயிலிலிருந்து வரும் விபூதி குங்குமத்தை இட்டுக்கொள்ளலாம். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும், பருக வேண்டாம். வெட்டி விற்கும் பழமும் சாலையோரச் சாறும் வேண்டாம். வீட்டில் காய்ச்சிய நீரும் அன்று சமைத்த உணவும் போதுமானவை. அணுக்கள் ஏறும் என்று பப்பாளி இலைச் சாற்றையும் கஷாயங்களையும் பலர் பரிந்துரைப்பார்கள். சிகிச்சை மருந்துகளுடன் அவை எவ்வாறு வினைபுரியும் என்பதைக் கருத வேண்டியிருப்பதால், மருத்துவர் அறியாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வாரம்: வாழ்வதற்கான நாட்கள்

பதினைந்தாம் நாளுக்குப் பிறகு உடல் நிமிர்கிறது. இந்த ஏழு நாட்களையும் வங்கி, காப்பீட்டு அலுவலகம், பரிசோதனைக்கூடம் என்றே செலவழித்துவிடாதீர்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியற்காலையில் அரைமணி நேரம், நாகேசுவரராவ் பூங்காவில் இரண்டு சுற்று, மார்கழியானால் கூட்டமில்லாத ஒரு பிற்பகல் கச்சேரி என இருவருக்கும் பிடித்த ஒன்றை நோட்டிலேயே எழுதி வையுங்கள். முகக்கவசம் அணிந்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். சிறிது நடை அசதியைக் குறைக்கும் என்பது மருத்துவமும் ஏற்ற உண்மை.

முடி உதிரச் செய்யும் மருந்துகளில், முதல் தவணைக்கு இரண்டு மூன்று வாரங்களில் அது தொடங்கும். பின்னலும் பூவுமாக வாழ்ந்த பெண்ணுக்கு, தலையணையில் கற்றை கற்றையாக முடியைப் பார்ப்பது நோயின் பெயரைக் கேட்டதைவிடவும் வலிக்கலாம். “வளர்ந்துவிடும்” என்ற சொல் உண்மையாயினும் அந்த நேரத்துக்குப் போதாது. வருந்த இடம் கொடுங்கள். முன்னதாகவே கத்தரித்துக்கொள்வதா, மழித்துக்கொள்வதா, சவரியா, தலைத்துணியா என்பதை அவரே முடிவு செய்யட்டும். “திருப்பதியா?” என்று அண்டை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆம் என்று புன்னகைப்பதும், உள்ளதைச் சொல்வதும் அவர் விருப்பம். அவரை முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

அடுத்த தவணை நெருங்கும்போது மருத்துவமனைச் சாலையைக் கண்டாலே குமட்டல் வரும் சிலர் உண்டு. இது நடிப்பன்று, மூளை கற்றுக்கொண்ட எதிர்வினை. இதற்கும் மருந்து உண்டு, எங்களிடம் கூறுங்கள். தவணைகள் கூடக்கூட அசதியும் கூடும். நான்காம் தவணையில் எழுந்துகொள்ள முதல் தவணையைவிட அதிக நாட்கள் ஆகலாம். சில மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானும் சேலை ஊக்கும் நழுவும். அதையும் நோட்டில் குறியுங்கள். மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அணுக்கள் ஏறாததால் தவணை ஒரு வாரம் தள்ளிப்போனால் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். உடல் கேட்கும் அவகாசத்தை மருத்துவர் கொடுக்கிறார், அவ்வளவே.

ஒருவருக்கொருவர் மறைப்பவை

நோயாளி அழுதால் துணைவர் உடைந்துவிடுவார் என்று நோயாளி அழுவதில்லை. தாம் அழுதால் நோயாளி நம்பிக்கை இழப்பார் என்று துணைவர் மாடிப்படியில் நின்று அழுகிறார். ஒருவரையொருவர் காப்பதற்காகவே இருவரும் தனித்தனியே தனிமைப்படுகிறார்கள். “தைரியமாக இரு” என்ற சொல் சில வேளைகளில் “உன் பயத்தை என்னிடம் சொல்லாதே” என்று கேட்கப்படுகிறது. அதற்குப் பதிலாக, “இன்று எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள். “எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் உன்னுடன்தான் இருக்கிறேன்” என்று சொல்வதால் எவருடைய மனவலிமையும் குறைந்துவிடாது.

வீட்டு வேலைகளிலும் இப்படி ஒரு மறைவு உண்டு. நோயுற்ற மனைவி, “குக்கர் வைப்பதற்கு என்ன, நான் செய்கிறேன்” என்று எழுந்துவிடுகிறார். நோயுற்ற கணவர் குளியலறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல விடுவதில்லை. எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து பறித்துவிடுவதும் நல்லதன்று. இயன்ற நாட்களில் கணக்கு எழுதுவது, பிள்ளையின் பாடத்தைப் பார்ப்பது, கட்டிலில் இருந்தபடியே சாம்பாருக்குப் பக்குவம் சொல்வது ஆகியவை அவர்களிடமே இருக்கட்டும். வீட்டில் தம் இடம் அப்படியே இருக்கிறது என்பதை அவர்கள் உணர வேண்டும்.

சிறிய நாற்காலியில் இருப்பவரின் உடல்

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததன் பின்னணியிலேயே நோயாளியின் அருகிலிருந்த ஒருவரின் துயரம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவருடைய பல்லாண்டு முயற்சியால் 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கு இணைந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே வாழ்ந்தார். உடனிருந்து பார்த்தவரின் அனுபவமும் மருத்துவத்துக்கு வேண்டிய அறிவே. அந்த அறிவைச் சுமப்பவர் தாமே படுத்துவிட்டால் வீடு இரட்டைச் சுமையைத் தாங்க வேண்டும்.

தம் இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரைப் பரிசோதனையையும் மாதக்கணக்கில் மறந்த துணைவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். நோட்டின் கடைசிப் பக்கத்தை உங்களுக்காக ஒதுக்குங்கள். உங்கள் மாத்திரை, உங்கள் உறக்கம், நீங்கள் கடைசியாக வெளியே சென்ற நாள் ஆகியவை அங்கே இருக்கட்டும். “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று கூறும் உறவினரிடம் திட்டவட்டமாக ஒரு வேலையைக் கொடுங்கள். நாத்தனார் செவ்வாய்தோறும் மதியச் சாப்பாடு கொண்டுவரட்டும். தம்பி இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிவரட்டும். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது நோட்டைப் படிக்கத் தெரிந்திருக்கட்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் எதிலும் நாட்டமும் இல்லையென்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். எங்கள் மனநல ஆலோசகர் உங்களையும் பார்ப்பார்.

பணக்கவலையையும் ஒளிக்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. இரண்டுக்கும் தேவையான சான்றுகளைப் பெற எங்கள் சமூகப் பணியாளர் உதவுவார்.

அடுத்த தவணைக்கு வரும்போது நோட்டை மறவாமல் கொண்டுவாருங்கள். மருத்துவர் “எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்டதும் “பரவாயில்லை” என்று நோயாளி சொல்லக்கூடும். அப்போது நீங்கள் எட்டாம் நாளின் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். நாங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவோம்.